கேஇஏவா, காமெட்கேவா, டிஎன்இஏவா: பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எது?

பி.இ. சேர விண்ணப்பிக்க பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்று தளங்கள்: கர்நாடக அரசின் தேர்வு ஆணையமான கேஇஏ, கர்நாடகத் தனியார் கல்லூரிகளின் கூட்டமைப்பான காமெட்கே, தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையான டிஎன்இஏ. கர்நாடகத்தில் ஏழாண்டு படித்த கணக்கு சரியாக இருந்தால் என் ஓட்டு கேஇஏவுக்கே.

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேஇஏ நடத்தும் நுழைவுத் தேர்வான சிஇடியில் கணிதம், இயற்பியல், வேதியியல் தலா 60 மதிப்பெண். ரேங்க் போடும்போது பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) மதிப்பெண் பாதி சேரும். காமெட்கேயில் 180 கேள்வி, 3 மணி நேரம், அந்த மதிப்பெண் மட்டுமே. இரண்டு வழியில் சேர்ந்தாலும் ஒரே தனியார் கல்லூரி, ஒரே வகுப்பறையாக இருக்கலாம். ஆனால் காமெட்கே சீட்டின் கட்டணம் பொதுவாக இரண்டு மடங்குக்கும் மேல்.

கேஇஏவில் பிள்ளைகள் சறுக்குவது காகிதத்தில்தான். 1 முதல் 12ஆம் வகுப்புக்குள் 7 கல்வியாண்டுகள் கர்நாடகப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாவதையோ பன்னிரண்டாவதையோ இங்கே தேறியிருக்க வேண்டும். பார்ப்பது பள்ளி இருக்கும் இடத்தை, வீட்டை அல்ல. கர்நாடக எல்லையோர அத்திபெலேயில் குடியிருந்து ஓசூர்ப் பள்ளிக்குப் போன ஆண்டுகள் இதில் சேராது. பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியே படிப்புச் சான்றிதழ் வாங்குங்கள். பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) மேலொப்பம் கேட்டால் அலைய நேரம் வேண்டும். டிசம்பரிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்தது கேஇஏ இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. கர்நாடகச் சான்றிதழில் RD என்று தொடங்கும் ஆர்டி எண்தான் வேண்டும். நம்மவர்களைக் குறிப்பாகப் படுத்துவது இனிஷியல். மார்க்ஸ் கார்டில் முன்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், ஆர்டி சான்றிதழில் இரண்டுமே இல்லை. பெயர் பொருந்தாவிட்டால் சரிபார்ப்பு நின்றுபோகும், பிள்ளை பொதுப்பிரிவில் நிற்க வேண்டி வரலாம். பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டில் உள்ளபடியே பெயர் வரும்படி சான்றிதழ் தரும் வருவாய் அலுவலகமான நாடகச்சேரியில் முன்கூட்டியே திருத்திவிடுங்கள்.

ஏழாண்டு தேறாத, அண்மையில் மாற்றலாகி வந்த குடும்பத்துக்கு காமெட்கே. கட்டணம் வலிக்கும்தான், ஆனால் எந்த மாநிலத்தில் படித்தவரும் எழுதலாம்.

டிஎன்இஏவுக்கு நுழைவுத் தேர்வே இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்ஆஃப். பியூசியில் நன்றாக வாங்கி, சிஇடியில் தடுமாறும் பிள்ளைக்குப் பொருந்தும். கர்நாடகத்தில் படித்தவர்கள் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்றிதழ் தர வேண்டும். கேட்கும் ஆதாரம் தாலுகாவுக்குத் தாலுகா மாறக்கூடும். பெற்றோரின் பள்ளிச் சான்றுகளை எடுத்து வைத்திருங்கள்.

சீட் ஒதுக்கியபின் மூன்றிலும் கவனம் வேண்டும். உதாரணமாக, கேஇஏவில் சாய்ஸ் 2 என்றால் கிடைத்ததை வைத்துக்கொண்டே மேலே முயல்வது. சாய்ஸ் 3 என்றால் அந்த சீட்டை விட்டுவிட்டு அடுத்த சுற்றில் முயல்வது. சாய்ஸ் 2 கொடுத்து மேல் விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய சீட் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. எனவே சேர மனமில்லாத கல்லூரியை விருப்பப் பட்டியலில் மேலே போடாதீர்கள்.