முழங்கால் மூட்டு மாற்று: தொடை நரம்பு பிளாக்கா, அடக்டர் கெனால் பிளாக்கா?

அறுவைக்குப் பின் வலி தெரியாமலிருக்க நரம்பருகே மரப்பு மருந்து செலுத்துவதே பிளாக். இந்த இரண்டு பிளாக்குகளின் நோக்கமும் ஒன்றே: மார்ஃபின், டிரமடால் போன்ற ஓபியாய்டுகளின் (வீரியமிக்க வலி மருந்துகளின்) தேவையைக் குறைப்பது. வலி தணிப்பிலும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு நோயாளி எழுந்து நிற்கும்போது தெரியும்.

தொடை நரம்பு பிளாக்கில் மருந்து இடுப்புக் கவட்டில், தமனிக்கு வெளிப்புறமாகப் போகிறது. வலியோடு தொடையின் முன்தசையும் மரத்துவிடும். முழங்கால் மடங்கி நோயாளி கீழே விழலாம். புது மூட்டோடு விழுவது எலும்பு முறிவில்கூட முடியும்.

அடக்டர் கெனால் பிளாக் தொடையின் நடுப்பகுதியில், சார்டோரியஸ் தசைக்கு அடியில் போடப்படுகிறது. அங்கே பெரும்பாலும் உணர்ச்சி நரம்புகளே இருப்பதால் தசை வலு அதிகம் குறையாது, அன்றே நடக்கவைக்கலாம். அல்ட்ராசவுண்டில் பார்த்து 15–20 மி.லி. ரோபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து போதும். அளவு கூடினாலோ, ஊசி மேலே ஏறினாலோ மருந்து தொடை நரம்புவரை பரவி, தவிர்க்க நினைத்த பலவீனமே வரும். அதனால் எந்த பிளாக்கானாலும் முதல் நடை துணையோடுதான்.

முழங்காலின் பின்பக்க வலியை இரண்டுமே முழுதாகத் தொடாது. அறுவை நிபுணர் மூட்டைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்துவது அதற்காகவே.

நடப்பதுதான் முக்கியம் என்பதால் எங்கள் தேர்வு அடக்டர் கெனால். ஆனால் ஒரே ஊசியின் பலன் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் தீரும். பெரும்பாலும் நள்ளிரவில் வலி சட்டென்று ஏறும். அதுவரை காத்திருந்தால் ஓபியாய்டுதான் கைக்கு வரும். அதனால் பாராசிட்டமால் 1 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி இல்லாதபோதும் தொடரவேண்டும். எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்புள்ளவர்களுக்கும் அளவு குறையும். சிறுநீரகம் சீராக இருந்தால் அழற்சி தணிக்கும் மாத்திரையும் சேரலாம்.