எக்ஸ்கெட்டெக்ஸ்ட்: "ஃபீல்ட்" என்றால் மலையா, பெட்டியா?

ஹட்டனில் தோட்டக் கணக்கு மென்பொருள் எழுதும் நண்பர் ஒருவர், பைதன் கோடிலிருந்து தமிழாக்க வேண்டிய வரிகளைப் பிரித்தெடுக்க எதைப் பாவிக்கலாம் என்று கேட்டிருந்தார். கொழுந்து நிறை, செக்ரோல் (வேலை நாளும் சம்பளமும் எழுதும் பதிவேடு), முற்பணம் எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் திரையில் வர வேண்டும். இதே மாதிரி வேலைக்கு எங்களிடம் மூன்று வருடமாகக் குனூ கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித் தொகுப்பின் எக்ஸ்கெட்டெக்ஸ்ட்தான் ஓடுகிறது. பிரித்தெடுத்த வரிகள் மட்டும் இருப்பது பொட் கோப்பு, ஒவ்வொரு மொழிக்கும் அவற்றின் மொழிபெயர்ப்பை நிரப்புவது பீஓ கோப்பு. இது அவருக்கே தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வேகத்தில் குறையே இல்லை. நிரலை ஓட்டாமல், எழுத்தாக வாசித்தே வரிகளை எடுத்துவிடும். கட்டளையில் ஃப்ரம்-கோட் யூடிஎஃப்-8 (கோடின் எழுத்துக் குறியாக்கம்) என்று எப்போதும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் கோடில் எங்காவது ஒரு தமிழ் எழுத்து இருந்து அதுவே சண்டைக்கு வரலாம்.

எரிச்சல் வேறு இடத்தில். ஒரே ஆங்கிலச் சொல் பத்து இடத்தில் வந்தாலும் பீஓவில் ஒரே பதிவு, ஒரே தமிழ். படிவத்தில் "ஃபீல்ட்" என்றால் நிரப்பும் பெட்டி. தோட்டத்தில் "ஃபீல்ட்" என்றால் மூன்றாம் நம்பர் மலை, அதாவது தேயிலை நிலத்தின் ஒரு பகுதி. "நேம்" இன்னும் மோசம். ஓரிடத்தில் ஆளின் பெயர், செக்ரோலில் ஒரு நாள் வேலை, தோட்டத் தமிழில் ஒரு "பேர்". பெயர் என்று ஒரே தமிழைப் போட்டால், அரைப் பேர் விழுந்த ஆளுக்கு "அரைப் பெயர்" என்று திரை காட்டும். கணக்கப்பிள்ளை சிரிப்பார், சம்பளம் வாங்குபவர் சிரிக்க மாட்டார்.

மருந்து உண்டு: பீகெட்டெக்ஸ்ட் என்ற செயற்கூறு. அதற்குள் முதலில் சூழல் (படிவமா, செக்ரோலா), பிறகு சொல். ஆனால் அதற்கு நீங்களே ஒரு சுருக்கப் பெயர் வைத்தால், எந்தப் பெயரைத் தேடுவது என்று எக்ஸ்கெட்டெக்ஸ்ட்டுக்குச் சொல்லும் கீவேர்டில் அந்தப் பெயரோடு ":1சி,2" (முதலாவது சூழல், இரண்டாவது சொல்) என்பதையும் எழுத வேண்டும். வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் முதல் ஆர்க்யுமென்டையே, அதாவது சூழலையே, மொழிபெயர்க்க வேண்டிய வரியாக எடுத்துவிடும். பீஓ முழுக்க "செக்ரோல்", "படிவம்" என்ற குறிச்சொற்கள் வந்து நிற்கும். "நேம்" ஒன்றும் வராது. பிழைச் செய்தி? மூச்சே விடாது.

சரிசெய்த பிறகும் விடாது. புது வரிகளைப் பழைய பீஓவோடு இணைக்கும் எம்எஸ்ஜிமேர்ஜ், பழைய "பெயர்" என்பதையே புதுப் பதிவில் ஒட்டி "ஃபஸி" (ஊகம், சரிபார்க்கவும்) என்று குறி போடும். பீஓவை நிரல் வாசிக்கும் எம்ஓ கோப்பாக மாற்றும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி அந்தக் குறி உள்ளவற்றை எம்ஓவில் சேர்க்காது, எனவே திரையில் மறுபடி ஆங்கிலம். ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறியை எடுக்க வேண்டும். ஊகமே வேண்டாம் என்றால் "நோ-ஃபஸி-மேட்சிங்" கொடுத்துவிடுங்கள்.

எஃப்-ஸ்ட்ரிங்கை (மாறியின் மதிப்பைத் தானே நிரப்பிக்கொள்ளும் வரி) அடிக்கோட்டுக்குள், அதாவது மொழிபெயர்ப்பைத் தேடும் _() என்பதற்குள், போடாதீர்கள். நிறை முதலில் நிரம்பி "12 கிலோ" என்று ஆன பிறகுதான் தேடல் நடக்கும், அப்படி ஒரு வரி பீஓவில் இருக்காது. வரியை முதலில் மொழிபெயர்த்து, பிறகு .ஃபார்மட் செய்யுங்கள். இடங்களுக்குப் பெயர் வைத்தால் தமிழில் மலையை முன்னும் கிலோவைப் பின்னும் போடலாம். வெறுமையான மாறியை அடிக்கோட்டுக்குள் கொடுத்தால் பீஓவின் தலைப்பு முழுவதும் திரையில் கொட்டும், மொழிபெயர்த்தவரின் மின்னஞ்சல் உட்பட.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. பைதனில் டிஏ_எல்கே (இலங்கைத் தமிழ்) கோப்பில் இல்லாத வரி தானாக டிஏ (பொதுத் தமிழ்) கோப்பிலிருந்து வரும். பொதுத் தமிழை அப்படியே விட்டு, மலை, பேர், செக்ரோல் போன்ற சொற்களை மட்டும் தனிக் கோப்பில் வைத்தால் போதும். கொழும்பு அலுவலகத்துக்கும் லயத்துக்கும் ஒரே நிரல். இவ்வளவு அழகாக வேறெதுவும் எங்களுக்கு அமையவில்லை.

ஆனாலும் நண்பருக்குப் போன பதில்: புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் இதை எடுக்காதீர்கள். ஆங்கில வரியையே சாவியாக வைக்காமல், ஒவ்வொரு வரிக்கும் நீங்களே சாவி வைக்கும் ஃப்ளூயன்ட் போன்ற ஒன்றைப் பாருங்கள். எங்களுடையது இதில்தான் ஓடும்; இந்த வாரமும் "ரவுண்ட்" என்ற சொல் கொழுந்து எடுக்கும் சுற்றா, தசமத்தை முழுமையாக்குவதா என்று தெரியாமல் பீஓவில் நிற்கிறது.