ஒன்பது வருடம், ஒரு சீஸ்மோகிராப், ஐந்து டிரிகர் ஒயர்

போன வாரம் ஐந்தாவது தடவையாக டிரிகர் ஒயரைப் பற்றவைத்து முடித்த அன்றுதான் கல்லூரி நண்பனிடமிருந்து போன். "மாப்ளே, 24 சேனல் சீஸ்மோகிராப் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. நீ வெச்சிருக்கியே, அதே மாடல். வாங்கலாமா?" என் விரலில் சால்டரிங் கொப்புளம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

சம்மட்டியால் தரையை அடித்து, அந்த அதிர்வு மண்ணுக்குள் போய் வருவதைப் பதிந்து, பாறை எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் தொழில். அதைப் பதிகிற பெட்டிதான் சீஸ்மோகிராப். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இந்தத் தொழிலில் உள்ள யாரைக் கேட்டாலும் இதே வியாதியைத்தான் சொல்கிறார்கள்.

2016-இல் வாங்கினேன். பெட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மே மாத வெயிலில் கார் டிக்கியில் கிடந்திருக்கிறது. ஒரு தடவை நாற்று நட்ட வயலில் தலைகுப்புற விழுந்தது. துடைத்துவிட்டு அடுத்த பதிவை எடுத்தோம். தரையில் வரிசையாகக் குத்தி அதிர்வைக் கேட்கிற ஜியோபோன்களில் இரண்டுதான் போயின, அதுவும் டிராக்டர் ஏறி.

டிரிகர்தான் என் உயிரை வாங்குகிறது. சம்மட்டிப் பிடியில், தலைக்குச் சற்றுக் கீழே, ஒரு சின்ன சுவிட்சை டேப் போட்டுக் கட்டியிருப்போம். தரையில் வைத்த தகட்டில் சம்மட்டி பட்ட கணத்தை அது பெட்டிக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணம்தான் பூஜ்ஜியம். அலை எத்தனை மில்லி செகண்டில் எந்த ஜியோபோனுக்கு வந்தது என்ற கணக்கு முழுக்க அதிலிருந்துதான் ஓடுகிறது. பூஜ்ஜியம் 2 மில்லி செகண்ட் பிசகினால், செகண்டுக்கு 600 மீட்டர் வேகமுள்ள மேல்மண்ணில் பாறையின் ஆழம் அரை மீட்டருக்கு மேல் தப்பாக வரும். ஒரே இடத்தில் ஒன்பது அடி அடித்து அந்தப் பதிவுகளைக் கூட்டினால் இரைச்சலுக்கு எதிராக அலை மூன்று மடங்கு தெளியும் என்பது கணக்கு. ஒவ்வொரு அடிக்கும் பூஜ்ஜியம் வேறாக இருந்தால், கூட்டக் கூட்ட முதல் வரவு, அதாவது அலை ஜியோபோனை முதலில் தொடும் கணம், மழுங்கத்தான் செய்யும்.

இந்த ஒயர் அறுவதும் நேர்மையாக அறுவதில்லை. டேப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, தோல் அப்படியே இருக்க, உள்ளே கம்பி மட்டும் விட்டுப்போகும். மீட்டர் வைத்தால் நல்ல பிள்ளையாகப் பீப் அடிக்கும். உதவியாள் எட்டுக் கிலோ சம்மட்டியைத் தலைக்கு மேல் ஓங்கும்போதே பெட்டி "பதிவு முடிந்தது" என்று சொல்லிவிடும். அடி இன்னும் விழவே இல்லை! நாமக்கல் பக்கம் ஒரு பாலம் வேலையில் நாற்பது அடியில் பதினொன்று இப்படிப் போயிற்று. அடித்தவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் கேட்டால் ஆறு வாரம் என்றார்கள். விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜியோபோனைக் குத்தி அதையே டிரிகராக வைக்கலாம், வைத்தும் பார்த்தேன். மண்ணைப் பொறுத்துத் தாமதம் மாறுகிறது. கடைசியில் கைகொடுத்தது ஊரில் உள்ள மைக் செட்காரர். மேடையில் பாடகர்கள் கையில் பிடித்து இழுத்துக்கொண்டே நடக்கிற மைக் ஒயர் இருக்கிறதே, அதுதான். கம்பெனி ஒயர் எட்டு மாதம்கூடத் தாங்கியதில்லை, இது இரண்டு வருடம் ஓடியது. போன வாரம் அதுவும் போயிற்று. அதனால்தான் இந்தக் கோபம்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். அது எனக்கே எதிர்பாராமல் வந்தது.

ஆரம்பத்தில் நாங்கள் செய்தது எளிய வேலை. முதல் வரவுகளைப் புள்ளி வைத்து, இரண்டு மூன்று நேர்கோடு இழுத்து, மேல்மண், சிதைந்த பாறை, கடும்பாறை என்று அடுக்கிவிடுவோம். முதல் வரவுக்குப் பின்னால் வருகிற பெரிய, மெதுவான மேற்பரப்பு அலையை யாரும் சீண்டமாட்டோம். அது குப்பை. அந்தக் குப்பையிலிருந்தே மண்ணின் விறைப்பை எடுக்கலாம் என்று கான்சாஸ் புவியியல் ஆய்வுத் துறைக்காரர்கள் 1999-இலேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். தாழ்ந்த அதிர்வெண் அலை ஆழமாக இறங்கும், உயர்ந்தது மேலோடு போகும். இரண்டின் வேகத்தையும் பிரித்துப் பார்த்தால் ஆழத்துக்கு ஆழம் மண் எப்படி மாறுகிறது என்று தெரியும். படித்திருந்தேன். செய்யத்தான் இல்லை.

2020 ஊரடங்கில் வேலை இல்லாமல், பழைய பதிவுகளை சீஸ்மிக் யூனிக்ஸில் போட்டுப் பார்த்தேன். கொலராடோ சுரங்கக் கல்லூரியில் வளர்ந்த இலவச மென்பொருள் அது. கருப்புத் திரையில் கட்டளையாக அடித்துக்கொண்டே போக வேண்டும், பார்க்க நாதியற்றதுபோல் இருக்கும், ஆனால் ஏமாற்றாது. அந்த நாமக்கல் பாலத்தை எடுத்தேன். சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புக் கட்டி) அடுக்குக்குக் கீழே மெத்தென்று ஒரு களிமண் அடுக்கு தெளிவாகத் தெரிந்தது. என் பழைய ரிப்போர்ட்டில் அது கிடையாது. கெட்டியான அடுக்குக்கு அடியில் மெத்தையான அடுக்கு இருந்தால் முதல் வரவு அதைக் காட்டாது, அதுதான் அந்த முறையின் குருட்டுப் பக்கம். பாலம் வேலையின்போதே போர் போட்டவர், "சார், சுக்கானுக்குக் கீழ பைப் தானா இறங்குது" என்று சொன்னார். நான்தான் தலையாட்டிவிட்டு நகர்ந்தேன்.

அன்றைக்கு எல்லாப் பழைய வேலைகளையும் திறந்தேன். பாதியில் மேற்பரப்பு அலையின் வால் இல்லை. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கால் செகண்டில் பதிவை நிறுத்தியிருக்கிறேன். செகண்டுக்கு 200 மீட்டர் போகிற அலை 69 மீட்டர் ஜியோபோன் வரிசையைக் கடக்கவே 0.35 செகண்ட் ஆகும். அரை செகண்ட் வைத்திருந்தால் ஒரு பதிவு 400 கே.பி.கூட வராது. இந்தக் குற்றத்தை மட்டும் எந்தக் கம்பெனி மேலும் போட முடியவில்லை.

புது மென்பொருள்கள் பற்றியும் நண்பன் கேட்டான். அலை போன பாதைகளை (கதிர்களை) வைத்து நிலத்தின் குறுக்குவெட்டை வண்ணப் படமாகத் தருகிற டோமோகிராபி நன்றாக இருக்கிறது, நேர்கோடு இழுத்த காலத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் கதிரே போகாத ஓரத்திலும் அடியிலும்கூட அழகாக நீலம் பூசிவிடும், வாடிக்கையாளர் அதைத்தான் விரலால் தொட்டுக் கேட்பார். இப்போது அந்த இடங்களை நானே வெள்ளையாக்கிவிட்டுத்தான் காட்டுகிறேன். முதல் வரவைத் தானே குறிக்கும் இயந்திரக் கற்றல் கருவி அமைதியான இடத்தில் பிரமாதம். பக்கத்துக் கிணற்றில் மோட்டார் ஓடினால் மோட்டாரைக் குறித்துக்கொடுக்கும்.

மெக்சிகோ வளைகுடாவின் தண்டர் ஹார்ஸ் வயலில் உப்புப் படலத்தால் மறைந்திருந்த 100 கோடி பீப்பாய் எண்ணெயை முழு அலைவடிவ முறையில் (முதல் வரவை மட்டும் பார்க்காமல் அலையின் முழு வடிவத்தையும் கணினியில் பொருத்திப் பார்ப்பது) கண்டார்கள் என்று 2019-இல் பிபி எண்ணெய்க் கம்பெனி அறிவித்ததே, அதை நம் லேப்டாப்பில் செய்யலாமா என்றும் கேட்டான். புவி இயற்பியலாளர் டரன்டோலா 1984-இல் அந்த முறையை எழுதியபோது அதை ஓட்டக் கணினி இல்லை. இன்றைக்குக் கணினி இருக்கிறது. அதற்கு வேண்டிய தாழ்ந்த அதிர்வெண்தான் நம் சம்மட்டியில் வராது. சின்ன அளவில் முயன்று பார்க்கலாம்தான். அதற்கும் பூஜ்ஜியம் சரியாக இருக்க வேண்டும். மறுபடி டிரிகர்.

ஆக, பெட்டி உழைப்பாளி, பழைய பதிவு வட்டியோடு திரும்பி வந்தது, மென்பொருள் இலவசம். பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் இன்றைக்கு நான்கு. வாங்காதே என்றுதான் அவனுக்குச் சொன்னேன். கொப்புளம் ஆறின பிறகு கேட்டிருந்தால் எட்டு சொல்லியிருப்பேனோ என்னவோ.

நேற்று திரும்பக் கூப்பிட்டான். நான் போனை வைத்த அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டானாம். "டிரிகர் ஒயரும் புதுசாவே தர்றாங்கடா" என்றான். மைக் செட்காரரிடம் நூறு மீட்டர் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஆளுக்கு ஐம்பது.