பதினான்கு மாதம், ஒரு ரசீது

போன வாரம் சித்தி போன் செய்து, "தம்பியை நீ இருந்த வீட்டில் சேர்க்கலாமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடிக்கான சிகிச்சை முடிந்ததும் லிங்கராஜபுரம் பக்கம் இருக்கும் அந்த வீட்டுக்குத்தான் நேராகப் போனேன். குடியை விட்டவர்கள் சேர்ந்து தங்கும் வீடு. சாப்பாட்டோடு மாதம் 14,000, மூன்று மாத அட்வான்ஸ். பதினான்கு மாதத்தில் ஒரு சொட்டு தொடவில்லை. அதில் பாதிப் புண்ணியம் சமையல் செய்யும் தர்மபுரி அக்காவுக்கு. சாயங்காலம் ஏழு மணிக்குக் கால் தானாக பார் பக்கம் இழுக்கும். சரியாக அப்போது டம்ளர் நிறைய மிளகு ரசம் கொடுப்பார், துண்டு சுற்றித்தான் பிடிக்க முடியும். கை சும்மா இருக்கக் கூடாதாம்.

சரி, ரசீதுக்கு வருகிறேன். ஆபீஸில் வருமான வரியில் எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) கழிக்க வாடகை ரசீது கேட்டார்கள். வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டுவதால் உரிமையாளரின் பான் நம்பரும் வேண்டும். வார்டனிடம் கேட்டால் 5,000 ரூபாய்க்கு 'நன்கொடை' என்று ஒரு மஞ்சள் சீட்டு. "இது வாடகை இல்ல தம்பி, நீங்க சிகிச்சையில இருக்கீங்க." மாதா மாதம் கேட்டேன், மாதா மாதம் அதே மஞ்சள் சீட்டு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு என் அறைக்காரர் குடித்துவிட்டு வந்தார். எட்டு மாதம் சுத்தமாக இருந்தவர். பத்தே நிமிஷத்தில் அவருடைய பெட்டி கேட்டுக்கு வெளியே. அட்வான்ஸும் கிடையாதாம். விடியும் வரையாவது இருக்கட்டும் என்றேன். "சிகிச்சைன்னு சொன்னீங்களே, வியாதி கூடினவனை யாராவது வெளியே தள்ளுவாங்களா?"

"இது ஆஸ்பத்திரி இல்ல தம்பி, தங்குற இடம்."

அன்றைக்குத்தான் விளங்கியது. ரசீது கேட்டால் நோயாளி, நியாயம் கேட்டால் வாடகைக்காரன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிப் பிரச்சினையும் அடக்கம். சிகிச்சை இடமென்றால் பதிவு செய்திருக்க வேண்டும். வாடகை வீடென்றால் 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டப்படியே மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் உண்டு. ஏதாவது ஒன்றாக இருந்து தொலைக்கட்டுமே!

வார்டனை முழுக்கக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அறைக்குள் வந்த அந்த வாடையில் எனக்கே அன்று தூக்கமில்லை. பயம்தான். இன்னும் ஏழு பேர் உள்ளே இருந்தார்கள்.

காலி செய்த அன்று என் 42,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டார்கள், பைசா குறையவில்லை. கூடவே ஒரு தாளை நீட்டினார் வார்டன். 'பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்து, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, நான் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டு வைத்திருந்தார்.

சித்தியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நீ அங்கேதானேடா திருந்தினே?" என்றார்.

அங்கேதான். இருந்தாலும் வேண்டாம்.