வகுப்பறையில் பாண்டாவும் யானையும்: உயிரியல் பூங்கா நேரலைகள் பாடத்துக்கு உதவுமா?

அமெரிக்காவில், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய உயிரியல் பூங்கா, சான் டியேகோ உயிரியல் பூங்கா, சின்சினாட்டி உயிரியல் பூங்கா ஆகிய மூன்றும் விலங்குகளைப் பற்றி இணையத்தில் இலவசமாகத் தருபவற்றை நம் பள்ளிக் கண்ணோட்டத்தில் பார்க்கும் மதிப்பீடு இது. முதல் இரண்டிலும் நேரலைக் கேமராக்கள் உண்டு. மூன்றாவது, பராமரிப்பாளர்கள் பேசும் காணொளிகளைத் தருகிறது. மூன்றும் நல்லவைதான், ஆனால் மூன்றுக்கும் ஒரே வேலை இல்லை. கேமராவைத் திரையில் போட்டுவிட்டு ‘பாருங்கள்’ என்று சொன்னால் ஐந்தே நிமிடத்தில் வகுப்பு கலைந்துவிடும். மூங்கில் தின்னும் பாண்டா அடுத்த அரை மணி நேரமும் மூங்கில்தான் தின்னும்.

முதலில் நேரக் கணக்கு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். வாஷிங்டன் பாண்டா கேமரா அங்கே காலை 7 முதல் மாலை 7 வரை நேரலை. அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் மார்ச் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், நமக்கு அது மாலை 4.30க்குத் தொடங்கும். மற்ற மாதங்களில் 5.30. நம் வகுப்பு நடக்கும் காலை 10 மணிக்குத் திறந்தால் வருவது முந்தைய பகலின் பதிவு. பாடத்துக்கு அதனால் குறை எதுவும் இல்லை, ஆனால் பதிவு என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். ‘இப்போ அங்கே ராத்திரிதானே, எப்படி வெயில் அடிக்குது?’ என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். நல்ல கேள்வி அது. பூமியின் சுழற்சியை அங்கேயே தொட்டுவிடலாம்.

சான் டியேகோ இன்னும் சிரமம். நம் காலை 10 மணி அவர்களுக்கு இரவு. அங்கே கோடைக்காலமாக இருந்தால் நம் காலை 6 மணி என்பது அவர்களின் மாலை 5.30. அப்போது வெளிச்சம் நன்றாக இருக்கும். குளிர்காலத்தில் அதே நேரத்தில் இருட்டத் தொடங்கிவிடும். எனவே சான் டியேகோ வகுப்பறைக்கு ஒத்துவராது. அதை வீட்டுப்பாடமாகத் தருவதே சரி.

இணைப்பு மெதுவாக இருந்தால் தரத்தை 480பி-க்குக் குறைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ அரை ஜிபி போதும். ஒரே படத்தை முப்பது கைபேசிகளில் ஓட்டுவதைவிட ஹைடெக் லேப்பிலோ ஸ்மார்ட் வகுப்பிலோ ஒரே திரையில் ஓட்டுவது நல்லது. யூடியூபில் தேடாமல் பூங்காவின் சொந்த இணையதளத்துக்குப் போங்கள். பழைய காட்சியை ‘லைவ்’ என்று போட்டு ஓட்டும் சேனல்கள் நிறைய உண்டு.

இனி முக்கியமான பகுதி. நேரலையைப் பாடமாக்குவது ஒரு சாதாரண அட்டவணை. விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறைதான் இது. ஒரு தாளில் ஆறு பத்தி: உண்ணுதல், நடத்தல், ஓய்வு, உடலைச் சொறிதல் அல்லது நக்குதல், பிற, தென்படவில்லை. ஒரு பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடிக்கு ஒரு முறை ‘இப்போ!’ என்று சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் விலங்கு என்ன செய்கிறதோ அதற்கு மட்டும் மற்றவர்கள் ஒரு கோடு போடுவார்கள். 10 நிமிடத்தில் 20 கோடுகள். வகுப்பு முடிவில் உண்ணுதலுக்கு எத்தனை கோடு என்று எண்ணி 20-ஆல் வகுத்தால் பின்னமும் சதவீதமும் தாமாக வந்துவிடும்.

இதில் வழக்கமாகப் பிழை நேரும் இடங்கள் மூன்று. பாண்டா புரண்டு விழுந்தால், அது ‘இப்போ’வுக்கு முன்பே நடந்திருந்தாலும் பிள்ளைகள் அதற்குக் கோடு போட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் அரிதாக நடப்பது அடிக்கடி நடப்பதாகக் கணக்கில் ஏறிவிடும். இரண்டாவது, ‘தென்படவில்லை’ பத்தி இல்லாவிட்டால் கேமராவை விட்டு நகர்ந்த விலங்குக்கு ஊகித்துக் கோடு போடுவார்கள். மூன்றாவது, ‘சந்தோஷமா இருக்கு’, ‘கோபமா இருக்கு’ என்று எழுதுவது. காது அசைகிறதா, வாய் திறந்திருக்கிறதா என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். இருவர் இருவராக உட்காரவைத்து, தனித்தனியாகக் குறித்த பிறகு இரண்டு தாள்களையும் ஒப்பிட்டால் இந்தப் பிழைகள் எல்லாம் அவர்களுக்கே தெரிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு மேல் இந்த ஒப்பீட்டைத் தவறவிடவே கூடாது.

இந்தப் பயிற்சிக்கு முதல் விலங்காகப் பாண்டாவைவிடச் சிறந்தது கிடையாது. ஒரு நாளில் 10 முதல் 16 மணி நேரம் உணவிலேயே கழிப்பதால் பிள்ளைகளின் அட்டவணை அதைத் தெளிவாகக் காட்டும். ஏன் இவ்வளவு நேரம் என்ற கேள்வி தானே எழும். மூங்கிலில் சத்து குறைவு, பாண்டாவின் குடலோ கரடியின் குடல், தின்றதில் பெரும்பகுதி செரிக்காமல் வெளியே போய்விடும். தண்டைப் பிடிக்கும் கையைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். கட்டைவிரல்போலத் தெரிவது மணிக்கட்டின் நீண்ட எலும்பு.

யானைக்கு இரண்டு பூங்காவும் சேர்ந்தால்தான் அழகு. வாஷிங்டனில் இருப்பவை நம் ஆசிய யானைகள். சான் டியேகோ உயிரியல் பூங்காவை நடத்தும் அதே அமைப்பின் சஃபாரி பூங்காவில் இருப்பவை ஆப்பிரிக்க யானைகள். இரண்டையும் முன்கூட்டியே ஐந்தைந்து நிமிடம் பதிவுசெய்து அடுத்தடுத்துக் காட்டுங்கள். தலையில் இரட்டை மேடா, ஒற்றை வளைவா? முதுகு மேலே வளைந்திருக்கிறதா, நடுவில் குழிந்திருக்கிறதா? தும்பிக்கை நுனியில் விரல் ஒன்றா, இரண்டா? கோயில் யானையைப் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது வெகு சீக்கிரம் பிடிபடும். காதின் அளவை மட்டும் கடைசியில் வையுங்கள். அதைச் சொல்லிவிட்டால் மற்றதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

சின்சினாட்டியின் ‘ஹோம் சஃபாரி’ வேறு வகை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பூங்கா மூடப்பட்டபோது வார நாள்களில் அவர்கள் நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு பேஸ்புக் நேரலையாகத் தொடங்கியது. முதல் நாள் நாயகி ஃபியோனா என்ற நீர்யானை. 2017 ஜனவரியில் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்து, சுமார் 13 கிலோ எடையே இருந்த குட்டி அது. நீர்யானைக் குட்டி வழக்கமாக 25 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு காணொளியிலும் வீட்டில் செய்து பார்க்க ஒரு செயல்பாடு உண்டு. மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு இதுவே முதல் தேர்வு. பேச்சு முழுக்க ஆங்கிலம், அதுவும் வேகமாக. ஒலியை நிறுத்திவிட்டு ஆசிரியரே தமிழில் சொல்வதுதான் சரிப்படும். அதற்கு முன்பே ஒரு முறை முழுதாகப் பார்த்து, நிறுத்த வேண்டிய இடங்களை நிமிடக் கணக்கோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பல அமெரிக்கப் பூங்காக்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஸூம் வழியாக வகுப்பெடுக்கின்றன. அவர்களின் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. விடுதிப் பள்ளிகளுக்கு ஒத்துவரலாம், மற்றவர்கள் அந்தப் பணத்தைப் பேருந்து வாடகைக்குக் கொடுப்பதே மேல். கட்டாயம் எடுப்பதானால் பத்துக் கேள்விகளை முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கேள்வி நேரம் கூச்சத்திலேயே கரைந்துவிடும்.

கூண்டு விலங்கு ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்துவிட்டு ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். அடைபட்ட இடத்தில் சில விலங்குகளுக்கு அப்படி வரும். உணவை ஒளித்துவைத்துத் தேடவைப்பது போன்ற ஏற்பாடுகளால் பராமரிப்பாளர்கள் அதைக் குறைக்கப் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள்.

திரையில் இரண்டு முறை பழகிய பிறகு அதே அட்டவணையோடு வண்டலூருக்குக் கூட்டிப்போங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஒரு குழுவுக்கு ஒரே விலங்கு, காலையில் 10 நிமிடம், வெயில் ஏறிய பிறகு மீண்டும் 10 நிமிடம். ஓய்வுப் பத்தி எந்த நேரத்தில் நிறைகிறது என்று அவர்களே சொல்வார்கள்.