பிரஷர் பார்க்க எங்கள் ஊர் சிஸ்டரிடம் போங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிரஷர், சர்க்கரை போன்றவற்றைப் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவு சிஸ்டருக்குத்தான் என் ஓட்டு. ரப்பர் பால் வெட்டிவிட்டு வேர்த்து வழிய வந்த அப்பாவுக்கு உடனே பிரஷர் பார்க்கவில்லை. 5 நிமிடம் சாய்ந்து உட்காரவைத்தார்; கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், பேச்சு கூடாது. அப்புறமும் 160/100.

"அண்ணாச்சி, மாத்திரை சரி, நெத்திலிக் கருவாட்டை எப்ப குறைப்பீங்க?" பீடி விஷயத்திலும் சிஸ்டர் அவரை விடவில்லை. நாள் முழுக்க உப்பு ஒரு டீஸ்பூனுக்குள் என்று ஸ்பூனையே எடுத்துக் காட்டினார். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழைக்கச் சொன்னார். இதெல்லாம் டாக்டர் சொல்ல நேரம் ஏது?

மாத்திரை இலவசம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், உட்கார பெஞ்சு கிடைக்காது.