ஆறு மாதமாகப் போட்டு ஓட்டும் ஹெல்மெட் பற்றி

இந்த ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டை 1,450 ரூபாய்க்கு வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இதற்கு முன் வைத்திருந்தது ரோட்டோரத்தில் குவித்துப்போட்டு விற்ற 250 ரூபாய் ஹெல்மெட், போலீஸ் மடக்கினால் 1,000 ரூபாய் போய்விடுமே என்று வாங்கியது. ஒருநாள் அதன் உள்துணி கிழிந்து தொங்க, விரலை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் ஸ்பாஞ்ச், அதைத் தாண்டினால் ஓடு, அவ்வளவுதான். அடி விழும்போது தான் நசுங்கி மண்டையைக் காப்பாற்ற வேண்டிய தெர்மாகோல் அதில் இல்லவே இல்லை. என் மகளும் அதே மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

புதியதில் தெர்மாகோல் கெட்டியாக இருக்கிறது, தலையை ஆட்டினால் கன்னமும் சேர்ந்து அசைகிற அளவுக்குக் கச்சிதம். குறை என்றால் மழையில் கண்ணாடி பனி படர்ந்து மங்குகிறது, வெயிலில் காது வேகிறது.

"என் தலை, என் இஷ்டம், கேட்க அரசாங்கம் யார்?" என்று 2015 ஜூலையில் சென்னை ஐகோர்ட் உத்தரவுப்படி தமிழ்நாட்டில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது நானும் கத்தியவன்தான். இப்போது அப்படி நினைக்கவில்லை. தலையில் அடிபட்டுப் படுத்தவனை வருஷக்கணக்கில் தூக்கிக் குளிப்பாட்டுவது அவன் வீட்டுக்காரர்கள், அவர்களிடம் யாரும் இஷ்டம் கேட்பதில்லை, அதனால் இந்த விஷயத்தில் கட்டாயப்படுத்துவது நியாயம் என்றே சொல்வேன். ஆனால் கட்டாயப்படுத்துகிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. தர முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்ற சட்டம் 2021 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது, அப்புறமும் அது ரோட்டோரம் பகிரங்கமாகக் கிடைக்கிறது என்றால் விற்பவனை விட்டுவிட்டு ஓட்டுகிறவனை மட்டும் பிடித்து என்ன பயன்? பயத்துக்குப் போடுகிறவன் தலையில் ஏதோ ஒன்றைக் கவிழ்த்துக்கொள்வான், பட்டையை மாட்ட மாட்டான். சிக்னலில் நின்று பாருங்கள், எத்தனை பேர் தாடைக்குக் கீழே பட்டை தொங்குகிறது என்று.

வாங்கப் போகிறவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே ஹெல்மெட்டுக்கான தர எண்ணான ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த லைசென்ஸ் எண்ணை, ஐ.எஸ்.ஐ. முத்திரை தருகிற அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டால் யார் தயாரிப்பு என்று வந்துவிடும், ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்தே வாங்குங்கள். மகளுக்கும் அதே கடையில்தான் அவள் அளவுக்கு வாங்கினேன்.

பழைய இரண்டையும் யாரும் எடுத்துப் போட்டுவிடக் கூடாது என்று சுத்தியலால் உடைத்துத்தான் குப்பையில் போட்டேன். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு அடிதான் தேவைப்பட்டது.